கோத்தகிரியில் இறங்க மறுத்த லாரி

கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபாக்டரி வாசல். லோடு ஏற்றித் தார்ப்பாயும் கட்டியாகிவிட்டது. அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை இறக்கமும் வளைவும்தான். மலை இறங்குவதற்கு முன் எப்போதும் செய்வதை அன்றும் செய்தேன். பிரேக்கை இயக்கும் ஏர் டாங்க் நிறைந்ததும் இஞ்சினை நிறுத்தி, பிரேக் பெடலை அழுத்தியபடி காற்று மீட்டரைப் பார்த்தேன். முள் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே போனது. பின்பக்கம் இடது சக்கரத்திலிருந்து உஸ்ஸென்று காற்றுப் போகும் சத்தம்.

மேற்குத் தாம்பரத்தில் மும்தாஜ் அக்கா நடத்திய டிரான்ஸ்போர்ட்டின் பத்துச்சக்கர லாரி அது. நான் அவரிடம் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் படப்பையில் இருந்த முதலாளியிடம் வண்டியில் கோளாறு என்றால், "ஓட்டத் தெரிலன்னா சாவிய வச்சுட்டு வூட்டுக்குப் போ" என்பார்.

உள்ளூர் மெக்கானிக் வந்து படுத்துப் பார்த்தார்.

"பிரேக் சேம்பர்ல டயாஃப்ராம் ரப்பர் கிழிஞ்சிருக்குதுங்க. இங்க கிடைக்காது. அந்தச் சக்கரத்துக்குப் போற ஏர் பைப்பை மட்டும் அடைச்சுட்டு, மீதி பிரேக்குல மெதுவா இறங்கிடலாம். எல்லாரும் அப்படித்தானுங்க பண்றாங்க."

லோடுக்குச் சொந்தக்காரரான தேயிலை வியாபாரி பக்கத்திலேயே நின்றார். "நாளைக்குக் காலைல ஹார்பர்ல கன்டெய்னர் மூடிருவாங்க. மெக்கானிக்கே சொல்றாரு. உங்களுக்கு என்னங்க பயம் டிரைவரே?"

பயம்தான். அதை அவரிடம் சொல்லாமல் அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, பிரேக் சரியில்ல. வண்டிய எறக்க மாட்டேன்கா."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"மெக்கானிக் என்ன சொல்றாரு?"

"ஒரு வீல அடைச்சிட்டுப் போலாம்னு சொல்றாரு."

"நீங்க என்ன சொல்றீங்கண்ணா?"

ஒரு முதலாளி என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"லோடு ஃபுல்லா கீதுக்கா. மீதி பிரேக்கும் சூடாயிட்ச்சுன்னா புடிக்காது. எதிர்ல பஸ்சு, ஸ்கூல் வேனுன்னு வந்துகினே கீது. என்னால முடியாதுக்கா."

"அப்ப எறக்காதீங்க. அங்க பார்ட்டி இருந்தா ஃபோன அவர்கிட்ட குடுங்க."

ஸ்பீக்கரில் போட்டு வியாபாரியிடம் கொடுத்தேன். "சார், வேற லாரி ஏற்பாடு பண்றேன், லோட மாத்திக்கலாம். செலவு என்னுது. இனிமே எதுன்னாலும் எங்கிட்ட பேசுங்க, டிரைவர்கிட்ட வேணாம்."

"இனி உங்க வண்டியே எனக்கு வேண்டாங்க."

"சரிங்க சார்."

அக்காவின் குரல் மாறவில்லை. ஆனால் அவருக்கு அதிக லோடு கொடுக்கும் பார்ட்டியே அந்த வியாபாரிதான் என்பது எனக்குத் தெரியும்.

லோடு வேறு லாரியில் போனது. மறுநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக் புது டயாஃப்ராம்கள் இரண்டோடு பஸ்சில் வந்தார். இடது பக்கத்தை மாற்றி முடித்தவர், "எதுக்கும் வலப்பக்கத்தையும் பார்த்துடலாங்க" என்று கழற்றினார். அந்த டயாஃப்ராமும் சுற்றிலும் வெடித்திருந்தது. கட்டைவிரலால் லேசாக மடித்ததுமே கிழிந்துவிட்டது. முந்தின நாள் பைப்பை அடைத்துவிட்டு இறங்கியிருந்தால் அது நடுவழியில் கிழிந்திருக்கும். கேபின் படியில் உட்கார்ந்துவிட்டேன். அதையும் மாற்றிய பிறகு, வெறும் வண்டியை லோ கியரிலேயே இறக்கினேன்.

தாம்பரம் வந்ததும் கிழிந்த ரப்பரை அக்காவின் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான பார்ட்டி போயிட்டாரு?" என்றேன்.

"பார்ட்டிய தேடிக்கலாம்ணா. ஒண்ணு ஆகியிருந்தா உங்க வீட்ல போய் நான் என்னன்னு சொல்றது?"

அடுத்த மலை லோடு கிடைக்க வெகுநாள் ஆனது. அதுவரை ஒரகடம் பக்கம் சின்னச் சின்ன நடைகள்தான். அந்த வியாபாரியைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். ஹெவி லைசென்ஸ் எடுத்து வேலை தேடும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏறின கியரிலேயே இறங்கு, பிரேக்கை விட இஞ்சினை நம்பு என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித்தருவார்கள். ஆனால் சம்பளம் பேசும்போதே, "வண்டி சரியில்ல, எறக்க மாட்டேன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?" என்றும் கேட்டுவிடுங்கள். நான் அதைக் கேட்காமலேதான் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்தது மும்தாஜ் அக்காவிடம். அதனால்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.