கை வரையத் தெரியாதவரின் காதல் கதை

நாற்பதைத் தாண்டிய பிறகும் மட்டமான காதல் கதைகளை விட முடியவில்லை. நல்ல புத்தகங்கள் மேசையில் கிடக்கின்றன, பாதியில் செருகிய பஸ் டிக்கட்டோடு. களைத்து வந்து விழும் மாலையில் கை அவற்றின் பக்கம் போவதில்லை. நல்ல புத்தகம் என்னிடம் ஏதாவது கேட்கும். மட்டமானது எதுவும் கேட்காது. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிடித்த பழக்கம் இது. தடுப்பில்லாத ஒரே நீண்ட அறையில் ஐந்து வகுப்புகள். டீச்சர்கள் இரண்டே பேர், நானும் அப்புத்தளைக்காரி ஒருத்தியும். பள்ளிக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டி, மாலையில் இருவருக்கும் பேச்சே வராது. சனிக்கிழமை பண்டாரவளைக்கு இறங்கி, கடைக்கார நானாவிடம் இந்திய வார இதழ் ஒன்று வாங்கி வருவோம். அதில் இரண்டு பக்கம் ஒரு படக்கதை.

ஆற்றங்கரை ஊரொன்றில் லொறி பழுது பார்க்கும் இரண்டு இளைஞர்களின் கதை. கதை மட்டம், வசனம் அதைவிட மட்டம். வரைந்தவருக்குக் கை வரையவே வராது. விரல்கள் வாழைக்காய்ச் சீப்பாக முளைக்கும். அதனால் கைகளை ஒளித்துவைக்கப் படாத பாடு பட்டார். ஒருவன் கை மற்றவன் முதுகுக்குப் பின்னால், மற்றவன் கை இவன் தோளுக்கு அப்பால். பாவம், தன் குறையைத்தான் மறைத்தார். எங்களுக்கோ அந்த இருவரும் வாரா வாரம் கட்டிப்பிடித்தபடியே நின்றார்கள். கதாநாயகி என்று ஒருத்தி குடத்தோடு வருவாள். அவளை இருவரில் ஒருவனாவது நிமிர்ந்து பார்த்த படம் எங்கும் இல்லை. எழுதியவர் அதை நட்பு என்றார். நாங்கள் அதைக் காதலாகவே படித்தோம், வெளியில் மூச்சுவிடவில்லை. கொழும்புப் பத்திரிகைகளுக்குக் கவிதை அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். அந்த இரண்டு பக்கத்தை, சீனி டப்பாவில் விரல் விடும் பிள்ளையைப்போல, கதவைச் சாத்திவிட்டுத்தான் படிப்பேன்.

பிறகு அரசாங்கத் தடையால் இந்தியப் பத்திரிகைகள் வருவது நின்றது. நானா கையை விரித்துவிட்டார். கடைசியாக வந்த இதழில், இருவரில் மூத்தவனிடம் சம்பந்தம் பேசக் குடத்துக்காரியின் தகப்பன் வந்து வாசலில் நிற்கிறான். அந்தப் படத்தோடு கதை அறுந்துபோனது.

மிச்சத்தை நாங்களே சொல்லத் தொடங்கினோம். ஒரு வாரம் நான், மறு வாரம் அவள். தகப்பனை வாசலுக்குள் விடக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம். நான் மழையைக் கொட்டிப் பாலத்தை உடைத்தேன். அவள் மூத்தவனுக்குக் காய்ச்சல் வரவழைத்தாள். அப்புத்தளையில் அவள் வீட்டிலும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவனுக்கெல்லாம் அவள் ஒரு நொட்டை சொல்லித் தட்டிக்கழித்தாள். ஒருவனுக்குக் காது பெரிது என்றாள். தகப்பனை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கும்வரை எங்கள் அறையில் இரண்டு பாய் இருக்கும் என்று நான் நம்பினேன். அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஞாயிறு, வீட்டுக்குப் போயிருந்தவள் பொழுது சாயும் நேரத்தில் திரும்பினாள். அந்த வாரம் அவள் முறை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

“அவன் சம்மதிச்சுட்டான்.”

நான் பிள்ளைகளின் கணக்குக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். யார் என்று கேட்டேன்.

“மூத்தவன்தான். உள்ள கூப்பிட்டு நாக்காலி போட்டுட்டான்.”

அவன் குணத்துக்கு அது பொருந்தாது என்று வாதாடினேன். கதையென்றால் காரணம் வேண்டாமா என்றேன்.

“களைச்சுப் போயிட்டான்டி. எத்தன நாளைக்குத்தான் காய்ச்சல்னு படுத்துக் கெடப்பான்? வீட்ல அம்மா அழுவுறாங்க.”

“மாப்பிள வீடு எங்க?” என்றேன். படக்கதையில் மாப்பிள்ளை வீடு என்று ஒன்று வந்ததே இல்லை.

“பதுளையில. கடை வச்சிருக்காங்க. காது சின்னதுதான்.”

திருத்திய கணக்கையே மறுபடியும் திருத்திக்கொண்டிருந்தேன். கூரைத் தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்தது. அவளே கேட்டாள்.

“மத்தவன் என்ன செய்றான்? இனி ஒன் மொறை.”

முடிவுகள் கைவசம் இருந்தன. அவன் ஆற்றில் குதிக்கலாம், லொறியை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போகலாம். அந்த ஓவியர் இரண்டில் ஒன்றைத்தான் வரைந்திருப்பார். எனக்கு எதையும் தூக்கிச் சுமக்க உடம்பில் தெம்பில்லை.

“கல்யாணத்துக்கு வர்றான். பந்தியில நின்னு பரிமாறுறான்.”

“அழுவானா?”

“எங்க அழுவ? ரச வாளியத் தூக்கிக்கிட்டு ஓடவே நேரம் பத்தல.”

அவள் சிரித்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அரிசி களையப் போனாள். சிரிப்பு முடிந்து வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

தையில் அவள் கல்யாணத்துக்குப் பதுளை போனேன். மாப்பிள்ளை நல்லவராகவே தெரிந்தார். ரச வாளியை என்னை நம்பி யாரும் தரவில்லை. அப்பளக் கூடையைத்தான் கொடுத்தார்கள்.