எட்டாம் மதிலின் வாசல்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், நிறைய மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை எதிர்வீட்டுப் பெண் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். ஈர மண்ணும் கோலமாவும் கலந்த அந்த வாசனையில் என் கனகா அக்கா நினைவுக்கு வந்துவிட்டாள்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. கொள்ளிடத்து மணலுக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம் இருக்கிறது, அதன் தலைநகரம் நீலாங்கபுரி என்பாள். நம் கோயிலுக்கு ஏழு மதில், அந்த நகரத்துக்கு எட்டு. கொல்லையில் கோலமாவால் அதை வரைவாள். எட்டாம் மதிலில் மட்டும் விரற்கடை இடைவெளி விடுவாள், அதுதான் வாசல். பிறகு நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே யார் யார் நடமாடுகிறார்கள் என்று சொல்வாள்.

ஒருநாள் அவள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, கைப்பழக்கத்தில் அந்த இடைவெளியை இழுத்துச் சேர்த்துவிட்டேன்.

"ஏண்டி மூடினே? நான் உள்ளேல்ல இருக்கேன்!" என்றாள். கண்ணைத் திறக்கவேயில்லை.

"இழையை முடிக்காம விட்டா அம்மா வைவாங்கக்கா."

"தொறந்து விடுடி, சீக்கிரம்."

நான் குனிவதற்குள் மழை கொட்டி எல்லாம் கரைந்துவிட்டது.

அன்று மாலையே அக்காவுக்குக் காய்ச்சல். "வாசல் எங்கடி?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அதிலிருந்து நான் போடும் கோலத்திலெல்லாம் கிழக்கே ஓர் இடைவெளி விடுகிறேன். அக்கா விட்டது கிழக்கா, வடக்கா என்றுதான் இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவளோடு விளையாடியவர்கள் யாராவது இருந்தால், சரிபார்த்துச் சொல்லுங்கள்.