உறுமிக்கு எந்த நேரம்

வானொலியில் விடியற்காலைப் பக்திப் பாடல்களைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புண்ணியமான வேலை. உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும், தினம் ஒரு சண்டை. சினிமாவில் வந்த முருகன் பாட்டு பக்தியா, படமா என்று மோதிக்கொண்டு, நானும் மேலாளரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம்.

தைப்பூசம் நெருங்கிய சமயம். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், தன் குழுவோடு பாடிய காவடிப் பாட்டைத் தேக்காவில் ஒரு டீக்கடையில் வைத்து எனக்குப் போட்டுக் காட்டினார். வருடா வருடம் வேல் குத்திக் காவடி எடுப்பவர். விரதத்தோடு, செருப்பில்லாமல் நின்று பதிவு செய்தார்களாம். பாட்டு முழுக்க உறுமிமேளம். டீக்கடைச் சத்தத்திலும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மேலாளருக்குச் சிலிர்க்கவில்லை. "பக்திப் பாட்டுன்னா கை கூப்பணும். இதைக் கேட்டா கால் ஆடுது. மத்தியானம் சினிமாப் பாட்டோட போடுங்க" என்றார்.

போன் செய்து சொன்னேன். பாடியவரின் குரல் இறங்கிவிட்டது. "பிரியாணி விளம்பரத்துக்கு நடுவுலயாக்கா? இது எங்க நேர்த்திக்கடன். காலையில இல்லன்னா வேண்டாம் லா."

மறுநாள் கூட்டத்தில் நான் பொரிந்து தள்ளினேன். "மேளம் அடிச்சா அது பக்தி ஸ்லாட்ல வராது, அவ்வளவுதான்" என்றார் மேலாளர். எங்கள் மூத்த அறிவிப்பாளர் நிமிர்ந்தார். வெள்ளிக்கிழமை காலை இஸ்லாமியப் பாடல்களை வழங்குபவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்போம்.

"எங்க பாட்டுலயும் தப்ஸ் மேளம் அடிக்கிறாங்களே பாஸ்?"

வசமாக மாட்டினார் மேலாளர் என்று எனக்குள் ஒரே குஷி. அவரோ கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரெக்ட். ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். தப்ஸ் பாட்டையும் எடுத்துடுங்க" என்றார்.

எனக்காகப் பேசப்போய் அண்ணன் தன் பாட்டை இழந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பாடியவருக்கு மறுபடி போன் செய்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவரே முடிவு சொன்னார்.

"எங்களால அந்த அண்ணன் பாட்டு நிக்கக்கூடாதுக்கா. எங்களோடத மத்தியானமே போட்டுக்குங்க. நாங்க ஒத்துக்கிட்டோம்னு சொல்லிடுங்க."

சொன்னேன். பிரச்சினை ஓய்ந்ததே என்று மேலாளர் தப்ஸ் பேச்சை விட்டுவிட்டார்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் அறிவிப்பு அண்ணனுடையது. விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. காவடிப் பாட்டை 'நாட்டுப்புறப் பாடல்' என்று சொல்லும்படி மேலாளர் உத்தரவு போட்டிருந்தார். சொல்கிறாரா என்று பார்க்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்தும் நின்றார். அண்ணன் அவரைப் பார்த்துக்கொண்டே மைக்கைத் திறந்தார்.

"நேயர்களே, அடுத்து வருவது ஒரு பக்திப் பாடல்."