செக்ரோலில் ஒரு சிவப்புக் கோடு

பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்ததும் தேத்தண்ணியோடு போனில் விக்கியைத் திறந்துகொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றிருக்கும் ஒரு தமிழ் விக்கித் தளம் அது. எனக்குப் பிடித்தது சில்லறை வேலை. காற்புள்ளி போடுவது, ஒட்டிக் கிடக்கும் சொற்களைப் பிரிப்பது, புதியவர்கள் எழுதியதைப் பார்த்து ஏற்பது. ஆதாரமில்லாத வரியைக் கண்டால் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டேன். 'சான்று இல்லை, நீக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

போன வருடம் நானுஓயாப் பக்கமுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் யாரோ ஒரு பக்கம் தொடங்கினார்கள். பேக்டரியைக் கட்டிய துரை யார், பங்களாவிலிருந்து பார்த்தால் என்ன தெரியும், அங்கே தங்க அறை கிடைக்குமா, எல்லாம் இருந்தது. நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயம் என்ற சொல்லே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு வரி சேர்த்தேன்: 'மழையில் மண் சரிந்து கீழ் லயத்தின் மூன்று வீடுகள் புதைந்தன, நால்வர் இறந்தனர்.'

அந்த நால்வரில் ஒருத்தி என் அக்கா. நான் அப்போது ஹட்டனில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார். காய்ச்சலென்று அக்கா மட்டும் அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தாள்.

மறுநாள் பார்த்தால் வரியைக் காணோம். 'சான்று இல்லை, நீக்கப்பட்டது.' நான் ஊராருக்கெல்லாம் எழுதிய அதே வாசகம். யாரைப் போய்க் கோபிப்பது?

சான்று தேடி அலைந்தேன். பாதை அடைபட்டிருந்த அந்த நாட்களில் எங்கள் தோட்டத்துக்கு எந்த நிருபரும் வரவில்லை. சந்தியில் ஒட்டிய மரண அறிவித்தலை இரண்டே நாளில் மழை கரைத்துவிட்டது. மரணச் சான்றிதழ் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. ஆனால் வீட்டுக் காகிதங்கள் செல்லாது என்று நானே எத்தனையோ பேருக்கு விதி சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் தேடிப் பிடித்து, வேலைக்கு வந்தவர்களின் பேர் பதியும் பழைய செக்ரோல் புத்தகத்தை எடுத்துவந்தார். அக்காவின் பேர் இருந்தது. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத இரண்டு பேருக்கும் அதே பக்கத்தில் அதே கோடுதான்.

"செத்துட்டாங்கன்னு எங்கயும் எழுதலையாங்க?" என்று கேட்டேன்.

"காரணமெல்லாம் எழுத மாட்டோம் டீச்சர். பேர வெட்டுறதோட சரி" என்றார். அவர்மேல் பிழையில்லை. வழக்கம் அப்படி.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும், "அக்காவப் பத்தி போன்ல போட்டேன்னு சொன்னியே, அதக் காட்டு புள்ள" என்றார்.

காட்ட என்ன இருக்கிறது? பழைய திருத்தங்களைக் காட்டும் இடத்தைத் திறந்தேன். அங்கே என் வரி இருந்தது, குறுக்கே சிவப்புக் கோட்டோடு.

அம்மா அதன்மேல் விரலை வைத்தார். "இங்கயும் வெட்டிட்டாங்களா?"

"ஆமாம்மா."

"ஏன்னு எழுதியிருக்காங்களா?"

எழுதியிருந்தது. அதை வாசித்துக் காட்டாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.