யோசெப்பின் முகம்

யோசெப் நந்திக்கடலில் இறால் பிடித்தவர். பெருநாள் என்றால் முகத்தை மழுமழுவென்று வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கோயிலில் முன்வரிசையில் நிற்பார். வாயில் வந்த புற்றுநோய் வலது கன்னத்தைத் தின்ற பிறகு அவர் வாசல் படலையைத் தாண்டவில்லை.

நோய் பார்க்க வந்தவர்கள் போனோடு வந்தார்கள். வெளிநாட்டுச் சொந்தங்களுக்குக் காட்டவேண்டுமே. போனைத் தூக்கியதும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்.

"மாமா, லண்டனில இருந்து மேனுகா. ஒருக்காச் சிரியுங்கோ," என்றாள் பக்கத்து வீட்டு ராஜினி.

"சிரிக்க வாய் வேணும் பிள்ளை."

கிளிநொச்சியில் இணைய இணைப்புத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு வந்து அவரைப் பராமரித்தவள் மகள் பிறின்சி. அவளிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"நான் போனாப்பிறகு பெட்டியைத் திறக்காதை. லைவும் வேண்டாம். இந்த முகம் ஒருத்தரிட்டையும் இருக்கக்கூடாது."

"ஓம் அப்பா."

அவர் போனார். பிறின்சி பெட்டியை மூடினாள். வீடியோக்காரரைத் திருப்பி அனுப்பினாள்.

"முகம் காட்டாமல் மண்ணில தாட்டால் அதென்ன செத்தவீடு," என்று ராஜினி பந்தலில் இருந்தவர்களிடம் முணுமுணுத்தாள்.

பிரான்சிலிருந்து தம்பி டினோஜன் போன் எடுத்தான். அவனுக்கு விசா இல்லை. வந்தால் திரும்பிப் போகமுடியாது.

"அக்கா, ஒருக்கா. எனக்கு மட்டும். கடைசியா எயார்போட்டில பாத்த முகம்."

இணையத்தில் போனது திரும்பாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். ஆனாலும் அவன் விக்கி விக்கி அழுதான். எல்லோரும் தேத்தண்ணி குடிக்க வெளியே போயிருந்தபோது கதவைச் சாத்தி, பெட்டியைத் திறந்து, போனைப் பிடித்தாள். அவன் பார்த்து முடித்ததும் அவள் திரும்ப மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் ராஜினி உள்ளே வந்தாள். "பிள்ளை, மாமாவின்ர முகம் ஊர்க் குழுவில வந்திருக்கு. டினோஜன்தான் போட்டிருக்கிறான்."

அவள் போனைப் பிடித்திருந்தபோதே திரையைப் படமாக எடுத்திருக்கிறான். அதே கன்னம். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். பந்தலில் இருந்தவர்கள் தலை குனிந்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி மூடியபடியே இருந்தது.

அழிக்கச் சொல்ல அவனுக்கு எடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, பாத்தனியே? எங்கட ஆக்கள் எல்லாரும் எழுதியிருக்கினம். இஞ்ச அறையில நான் தனிய. இப்பதான் நாலு பேர் பக்கத்தில இருக்கிறமாதிரிக் கிடக்கு."

அவனுக்குக் கிடைத்த செத்தவீடு அதுதான். அழித்தாலும் ஊராரின் போன்களில் முகம் இருக்கும்; அவனிடமிருந்து அந்த நாலு பேரை மட்டும்தான் பறிக்கலாம்.

"ஓம் தம்பி, பாத்தனான்," என்றாள்.

பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தபோது, அதில் கைவைத்து அழ அவளால் முடியவில்லை.