ரீத்தம்மா மச்சாள் கடையைப் பூட்டிப் போன காரணம்

செய்தி வந்தபோது நான் உயிலங்குளத்தில் அப்பாவின் வயலில் நின்றிருந்தேன். பக்கத்து வயலில் அறுவடை மெசின் ஓடிக்கொண்டிருந்ததால், என் கணவர் ஜூட் தொலைபேசியில் சொன்னது முதலில் கேட்கவில்லை. "கொஞ்சம் தள்ளி வா" என்றார். தள்ளி வந்தேன். பிறகு, "அக்கா எங்களை விட்டுப் போட்டா" என்றார். காலையில் கடையைத் திறந்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கதிரையில் இருந்தவர் அதற்குப் பிறகு எழும்பவில்லை.

பள்ளிமுனையில் சீனிக்கும் தேயிலைக்கும் தூண்டில் முள்ளுக்கும் அந்தக் கடைக்குப் போன உங்களுக்கு அவர் ரீத்தக்கா. எனக்கு மச்சாள், என் கணவரின் ஒரே சகோதரி. கலியாணம் செய்யாதவர். அவரைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் திருமணத்துக்கு வரவில்லை. "கடல் வீட்டுக்கு வயல்பிள்ளை சரிவராது" என்று தம்பியிடம் நேரே சொல்லிவிட்டார். என் பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து உயிலங்குளத்தில் குடியேறியவர்கள் என்பதும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. எங்களைக் குறிக்கும் அந்தக் கொச்சையான சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. மற்றவர்கள் சொன்னபோது அவர் தடுத்ததும் இல்லை. அஞ்சலியில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். இல்லாத புகழ்ச்சியை அவரே சகிக்கமாட்டார். யாராவது கடையில் நின்று தேனாகப் பேசினால், "என்ன வேணும் எண்டு சொல்லும், நான் அடுத்த அலுவலைப் பாக்க வேணும்" என்பார்.

எங்கள் இரட்டைப் பிள்ளைகள் நாளுக்கு முன்பே பிறந்தார்கள். என்னை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். மூத்தவள் அனிற்றா சிறிதென்றாலும் தானாக மூச்செடுத்தாள், உறிஞ்சிக் குடித்தாள். பின்னால் வந்தவன் என் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த நீளம்தான் இருந்தான். அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சில நாட்களில் வைத்தியர், மூத்தவளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார். தாய்மார் தங்கும் அறையில் பலருக்கு இருமலும் தடிமனும் வந்திருந்தன, அவளை அங்கே வைத்திருப்பது நல்லதல்ல என்றும் சொன்னார். நான் போனால் இவனுக்குப் பால் இல்லை. என் அம்மாவோ, பாரிசவாதத்தில் படுத்திருந்த அப்பாவை விட்டு நகர முடியாமல் இருந்தார்.

அடுத்த நாள் முற்பகல் ரீத்தம்மா மச்சாள் ஆஸ்பத்திரி விடுதி வாசலில் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. என்னோடு அவர் பேசிய முதல் வார்த்தை, "பிள்ளையைத் தாரும்" என்பதுதான்.

நான் தயங்கினேன்.

"நீர் அவனைப் பாரும். இவளை நான் பாக்கிறன். ரெண்டு பேரையும் ஒராள் பாக்கேலாது."

போவதற்கு முன் சின்னவனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். தாதி அனுமதித்தார். கைகழுவி, அங்கி போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குனிந்தபடி நெடுநேரம் நின்றார். வெளியே வந்து, "காது எங்கட அப்பான்ர காது" என்று மட்டும் சொன்னார். பிறகு அனிற்றாவை மார்போடு அணைத்துக்கொண்டு மன்னார் பஸ்ஸுக்குப் போனார்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் தொலைபேசி எடுப்பார். நலம் விசாரிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. போத்தலை உறிஞ்சும் பிள்ளையின் வாயருகே தொலைபேசியைப் பிடிப்பார். "கேக்குதே? குடிக்கிறாள். வைக்கிறன்."

ஒரு கிழமை போன பிறகு எனக்குப் பால் வற்றத் தொடங்கியது. எவ்வளவு பிழிந்தும் கோப்பையின் அடி நனையவில்லை. பயப்பட வேண்டாம் என்று தாதிமார் ஆறுதல் சொன்னார்கள். பயப்படாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மச்சாள் எடுத்தபோது அனிற்றாவுக்கு இன்னும் பால் கரைத்து முடியவில்லை. அவள் பசியில் வீறிட்டு அழும் சத்தம் காதுக்குள் வந்தது. என் சட்டை பாலில் நனைந்தது. ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் கோப்பையை எடுத்தேன்.

நடந்ததை மச்சாளிடம் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து, போத்தலைக் கொடுக்க முன்னரே தொலைபேசி எடுக்கத் தொடங்கினார். பிள்ளை அழுவாள், நான் இங்கே பால் எடுப்பேன். "காணுமோ, போத்தலைக் குடுக்கவோ?" என்று இடையிடையே கேட்பார். "கொஞ்சம் பொறுங்கோ மச்சாள்" என்பேன். அக்காவின் அழுகையில்தான் தம்பிக்குப் பால் வந்தது. பசித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பது அவருக்கு எப்படி இருந்ததென்று எனக்குப் பிறகுதான் தெரியும். "அவளை அழவிட்டதுக்கு நான் பாவசங்கீர்த்தனம் செய்தனான். பங்குச் சுவாமி இது பாவமில்லை எண்டவர். எனக்கு மனம் ஆறேல்லை" என்று பின்னொரு நாள் சொன்னார்.

பிறகு சின்னவனுக்குக் கிருமித் தொற்று வந்தது. வைத்தியர் என்னையும் ஜூட்டையும் இருத்தி வைத்துக் கதைத்தார். அன்று மச்சாள் எடுத்தபோது, அழுகையைக் கேட்டும் நான் கோப்பையை எடுக்கவில்லை, "போத்தலைக் குடுங்கோ மச்சாள்" என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"பேர் வைச்சாச்சோ?"

"இல்லை. வீட்ட கொண்டுவந்து வைப்பம் எண்டு இருந்தனாங்கள்."

"இப்ப வையும். சுவாமியைக் கூப்பிட்டு ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லும். பேரில்லாமல் விடாதேயும். கூப்பிடுறதுக்கு ஒரு பேர் வேணும்."

அன்ரன் என்று வைத்தோம். இரண்டு நாள் அந்தப் பெயரால் அவனைக் கூப்பிட்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மச்சாள் அனிற்றாவை என் கையில் தந்தார். அவள் என்னைப் பார்த்து வாய் கோணி அழத் தொடங்கினாள். மச்சாள் தொட்டவுடன் நிறுத்தினாள். திரும்ப என்னிடம் தந்தால் திரும்ப அழுதாள். மார்பில் வைத்தேன், முகத்தைத் திருப்பினாள். வீடு நிறையச் சனம். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மறுநாள் மச்சாள் கடையைப் பூட்டிவிட்டு வங்காலையில் இருந்த ஒன்றுவிட்ட தங்கையிடம் போய்விட்டார். கடை பூட்டிக்கிடந்த அந்த நாட்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இழவு வீட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார், கல்நெஞ்சுக்காரி என்று கதைத்தீர்கள். எனக்கும் அவர்மேல் கோபம் இருந்தது. அழும் பிள்ளையோடு என்னைத் தனியே விட்டுப் போனார் என்றே நினைத்தேன். தூக்கிக்கொண்டு நடப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெளிச்சவீட்டுப் பக்கமும் கரையோரமும் கால் வலிக்க நடந்தேன். மெல்ல மெல்ல அவள் என் தோளில் தூங்கப் பழகினாள். ஒரு நாள் மார்பிலும் வாய் வைத்தாள்.

அதற்குப் பிறகே மச்சாள் திரும்பி வந்தார். படலைக்கு வெளியே நின்றார். அனிற்றா அவரைப் பார்த்தாள், சிரித்தாள், ஆனால் என் சட்டையை விடவில்லை. மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இஞ்ச நிண்டிருந்தால் அவள் என்னைத்தான் தாய் எண்டு பிடிச்சிருப்பாள். உமக்கு அவளும் இல்லாமல் போயிருக்கும்" என்றார்.

"நீங்கள் அங்க என்ன செய்தனீங்கள் மச்சாள்?"

"என்ன செய்யிறது. பின்னேரம் வந்தால் கை சும்மா இருக்கும். அதுதான் கஷ்டம்."

இதுதான் காரணம். அவர் யாருக்கும் சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை. இப்போது தடுக்க அவர் இல்லை.

அன்ரனின் பெயரை வீட்டில் நாங்கள் மெல்ல மெல்ல விட்டுவிட்டோம். ஜூட்டால் தாங்க முடியவில்லை, என்னாலும்தான். யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், ஒன்று என்பேன். மச்சாள் பக்கத்தில் இருந்தால் திருத்துவார். "ரெண்டு. மூத்தவள் இவள். இளையவன் சேமக்காலை மண்ணில இருக்கிறான்." கடையில் அனிற்றாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் தம்பியின் காதைப் பற்றி, அவன் படுத்திருந்த விதத்தைப் பற்றி எல்லாம் கதைப்பார். எங்கள் குடும்பத்தில் அவனை உயிரோடு பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். இப்போது இரண்டு பேர்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பின்னேரம், எட்டு வயதாகும் அனிற்றா என் பக்கத்தில் வந்து இருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"இனி தம்பியைப் பற்றி எனக்கு ஆர் சொல்லுறது?"

ஜூட் எழும்பி வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். எழும்பினார், ஆனால் போகவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மச்சாளிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான்: இறந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் துணிவு. மற்றவற்றை எடுத்துக்கொள்ள என்னால் ஆகாது. பெற்றது போல வளர்த்த பிள்ளையைக் கொடுத்துவிட்டு விலகி நிற்க எனக்கு வராது.

"அன்ரன்ர தோளெல்லாம் மெல்லிய மயிர் இருந்தது" என்றேன். "பூனைக்குட்டி மாதிரி. ரீத்தம்மா மாமி கண்ணாடிக்கு வெளியில நிண்டதால அவவுக்கு அது தெரியாது. நான் தொட்டுப் பாத்தனான்."

"மெத்தெண்டு இருந்ததோ?" என்று அனிற்றா கேட்டாள்.

"ஓம்" என்றேன்.