மை படாத கை

எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலில், ஒட்டுசுட்டான் பக்கத்து வாக்களிப்பு நிலையமொன்றில் விரலுக்கு மை பூசுவது என் வேலை.

மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மா காலையிலிருந்து வெயிலில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். வாக்களித்து வெளியே வரும் ஒவ்வொரு பெண்ணின் கையையும் பிடித்து மையைப் பார்த்தார். மனைவியோடு உள்ளே நுழையப் பார்த்த ஒருவரை மறித்தார்.

"அவ தனியாத்தான் போகணுமுங்க."

பின்னேரமாகியும் அவர் வாக்களிக்க உள்ளே வராததால் எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போனேன். "நீங்கள் இன்னும் வோட்டுப் போடேல்லையே அம்மா? கெதியா வாங்கோ, நேரம் முடியப்போகுது."

"எனக்குப் பிரஜாவுரிமை இல்லீங்க ஐயா. இந்தப் புள்ளைகளுக்கு வந்திருச்சு. அதான் கூட்டியாந்தேன்."

வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். என் ஐந்து விரல்களிலும் மை அப்படியே இருந்தது. அந்த அம்மாவின் விரலுக்கு ஒரு சொட்டுப் போதும்.